சொல்லாமல் போகும் காட்சி

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா உயிரோடுதான் இருக்கிறேன். மூன்று வேளை சாப்பிடுகிறேன், இரண்டு வேளை அழுகிறேன். போன வாரத்துக்கு இது எவ்வளவோ தேவலை. உன் வயிற்று வலி எப்படி இருக்கிறது? வெறும் வயிற்றில் காபி குடிக்காதே என்றால் நீ கேட்கப் போவதில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

நீ பார்த்துக் கொடுத்த விடுதி நன்றாகவே இருக்கிறது. ஏரியைப் பார்த்த அறை. அலமாரிக் கதவு மட்டும் சாத்தினால் சாத்தினபடி நிற்காது. நான் கட்டிலில் உட்கார்ந்ததும் தானாகத் திறந்து, கல்யாணத்துக்கென்று தைத்த துணிகளை எல்லாம் காட்டுகிறது. அவற்றைத்தான் எடுத்து வந்தேன். பதினொரு நாள் இருக்கும்போது கல்யாணம் நின்றுபோனால் துணி என்ன பாவம் செய்தது?

செல்போனை நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் என் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். 'எனக்கு மனசு ஒத்துவரல, மன்னிச்சிடு' என்று மாப்பிள்ளையாக வரவிருந்த அந்த மனிதர் நாலே வார்த்தையில் அனுப்பியதிலிருந்து அதைத் தொடவே அருவருப்பாக இருக்கிறது. ஆகவே நீ கடிதம்தான் போட வேண்டும். கடை முதலாளி ஆறு வாரம் விடுப்பு தந்தார். "கை நடுங்கிக்கிட்டே நீ லென்ஸ் தேய்ச்சா ஊர்ல பாதிப்பேர் படியில உருண்டு விழுவாங்க, போய்ட்டு வாம்மா" என்றார்.

இங்கே சாப்பாட்டு அறையில் ஆறு மேசை. ஒன்றில் நான். இன்னொன்றில் ஓயாமல் சண்டை போடும் ஒரு ஜோடி. மூன்றாவதில் ஒரு மனிதர். காலையில் ஏரிக்குள் முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்றுகொண்டு ஒரு கம்பத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார். பைத்தியமோ என்று பயந்தேன். ஏரியின் நீர்மட்டத்தை அளக்க வந்த அரசாங்க ஊழியராம். கம்பத்திலுள்ள எண்களை வாய்விட்டுப் படிக்கிறாராம். விடுதி நடத்தும் அம்மாள் சொன்னார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.
அக்கா

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

வயிறு அப்படியேதான் இருக்கிறது. மூளைதான் காலி. நீ இரண்டு வேளை மட்டும் அழுகிறாய் என்று படித்து நிம்மதியானேன். அடுத்த கடிதத்தில் ஒரு வேளையாகக் குறைக்கவும்.

என் பிழைப்பைக் கேள். தயாரிப்பாளரும் இயக்குநரும் சேர்ந்து என்னை ஓர் அறையில் அடைத்துப் போட்டிருக்கிறார்கள். சுவர் முழுக்கப் பலகை. ஒரு காட்சிக்கு ஓர் அட்டை என்று எழுதிக் குத்த வேண்டும். காதலும் சிரிப்புமாக ஒரு படம் வேண்டுமாம். ஒரு மாதமாக ஒரே அட்டைதான் தொங்குகிறது. அதிலும் 'படம் ஆரம்பம்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

நீ எனக்கு நிறைய எழுது. மனசில் வைத்துக்கொண்டு புழுங்காதே. யார் எங்கே உட்கார்ந்தார்கள், என்ன சொன்னார்கள், ஒன்றையும் விடாதே. அந்தக் கம்பக்காரரைப் பற்றியும் எழுது. எனக்கும் இங்கே பேச்சுத்துணைக்கு யாருமில்லை.

உன் கடிதத்துக்காகக் காத்திருக்கும்
தம்பி

பிப்ரவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். இந்தத் தடவை நிஜமாகவே. உன் அட்டைகள் எத்தனை ஆயின? வயிறு?

கம்பக்காரர் கதையைக் கேட்டாயே, கேள். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. அந்த மனிதர் தினமும் தலையைச் சாய்த்துத்தான் சுவர்ப் பலகையில் எழுதியிருக்கும் சாப்பாட்டு வகைகளைப் படிப்பார். நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் போய்ச் சொல்லிவிட்டேன்.

"சார், உங்க கண்ணாடி பவர் மாறிப் போயிருக்கு."

"அளக்கிறதுதாங்க என் வேலை. எனக்கே அளவு தப்புங்கறீங்களா?"

எட்டடி தள்ளி நிறுத்திப் பலகையைப் படிக்கச் சொன்னேன். மூன்றாவது வரியிலேயே மாட்டிக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. ஜனவரியிலிருந்து இந்தக் கண்ணோடுதான் கம்பத்தைப் படித்து வந்திருக்கிறார்! மறுநாள் காலையில் நானும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி அவரோடு படித்துப் பார்த்தேன். இரண்டு விரல் வித்தியாசம்.

"ஏரி வத்திட்டே வருதுன்னு மேலிடத்துக்கு ரிப்போர்ட் அனுப்பிட்டேனே" என்றார்.

"ஏரி அப்படியேதான் இருக்கு. நீங்கதான் வத்திப் போயிருக்கீங்க" என்றேன்.

வாய் தவறி வந்துவிட்டது. கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், தண்ணீருக்குள் நின்றுகொண்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். நானும் சிரித்தேன் தம்பி. சத்தம் கேட்டு விடுதி அம்மாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். இப்போது கம்பக்காரருக்கு நான் வைத்த பெயர் அளவுக்காரர். அவரிடமே சொல்லிவிட்டேன்.

உடம்பைக் கவனி.
அக்கா

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

வயிறு இப்போது பரவாயில்லை. கண்ணாடி விஷயம் பிரமாதம். அறையில் வாய்விட்டுச் சிரித்தேன். நீ தண்ணீரில் இறங்கியபோது என்ன நிறத் துணி? அவர் சிரித்து முடித்த பிறகு முதலில் யார் பேசியது? ஞாபகம் இருந்தால் அப்படியே எழுது.

இங்கே சுவரில் இருபத்திரண்டு அட்டை ஆகிவிட்டது. இயக்குநர் முதுகில் தட்டினார். என்ன கதை என்று கேட்காதே, முதலிலேயே சொன்னால் பலிக்காது.

சந்தோஷமாக இரு. சந்தோஷமாக இருப்பதை எழுது.
தம்பி

மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஒரு நிலையில் இல்லை. துணியின் நிறம் மஞ்சள். இதெல்லாம் எதற்குக் கேட்கிறாய் என்று புரியவில்லை, உன் குணமே அப்படி என்று விட்டுவிட்டேன்.

நேற்று அளவுக்காரர் படகில் கூட்டிப்போனார். நடு ஏரியில் துடுப்பை நிறுத்திவிட்டுத் தன் மனைவியைப் பற்றிச் சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் இவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து அந்த மனைவி பெட்டியோடு கிளம்பிப் போய்விட்டாராம். இவர் வீட்டுக்கு வந்து, கடைக்குத்தான் போயிருப்பாள் என்று இரண்டு பேருக்குச் சமைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "என்கிட்ட என்ன வேணா சொல்லுங்க, திட்டக்கூடத் திட்டுங்க. சொல்லாம மட்டும் போயிடாதீங்க" என்றார்.

அந்த இரண்டு விரல் தப்பால் இப்போது ஏரி முழுவதையும் மறுபடி அளக்க வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்கள். அவரே மூன்று மாதம் இருந்து செய்யலாம். இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிட்டு இவரை அணைக்கட்டுக்கு மாற்றுவார்கள். அது இரண்டு நாள் பயண தூரம். இருபத்தெட்டாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். "நான் இருக்கட்டுமா?" என்று என்னைக் கேட்கிறார்.

இருங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வருகிறது. வந்ததும் செல்போனில் வந்த அந்த நாலு வார்த்தை ஞாபகம் வந்துவிடுகிறது. மறுபடி ஒரு தடவை ஏமாந்தால் தாங்கமாட்டேன் தம்பி. முதலாளி இன்னும் இரண்டு வாரம் விடுப்பு தந்திருக்கிறார். நீ ஊருக்கெல்லாம் காதல் வசனம் எழுதிக் கொடுப்பவன், எனக்கு ஒரு வழி சொல். அவர் படகில் சொன்னதை யாரிடமும் சொல்லாதே.

அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன்.

யோசித்துப் பார்த்தால், இப்போதே சரி என்று சொல்லிவிடாதே என்றுதான் தோன்றுகிறது. சொன்னால், கடைசி வரை உனக்குள் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். ஒன்று செய். ஒரு மூன்று நாள் பக்கத்து ஊருக்குப் போய்த் தங்கு. போகிறேன் என்று சொல்லாதே. அவர் உன்னைத் தேடி வரட்டும். தேடி வந்தாரென்றால் அதற்குப் பிறகு உனக்கு எந்தப் பயமும் இருக்காது.

அவர் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், கட்டாயம் தேடுவார். வருவார் அக்கா. காதல் கதை எழுதுவதே வேலையாக இருப்பவன் சொல்கிறேன், நம்பு.

இதைத் துரிதத் தபாலில் போடுகிறேன்.
தம்பி

ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமா? நாளைக்குக் கடைக்குத் திரும்புகிறேன். அங்கேயே எழுது.

இருபத்தைந்தாம் தேதி காலையில் அவர் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தபோது சின்னப் பையோடு கிளம்பினேன். பஸ் நிலையத்துக்கு எதிரே மாடி அறை. மூன்று நாளும் ஜன்னலோரம் உட்கார்ந்து, வருகிற பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்த்தேன். தலையைச் சாய்த்துக்கொண்டு யாராவது இறங்கினால் எழுந்து நிற்பேன். இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் திரும்பினேன். அவர் மத்தியானமே அணைக்கட்டுக்குப் போய்விட்டார்.

விடுதி அம்மாள் சொன்னதை எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் தூங்கமாட்டேன். "மூணு நாளும் சாப்பாட்டு மேசையில ரெண்டு தட்டு வைக்கச் சொன்னாரும்மா. எதிர்த் தட்டு காலியாவே கெடந்துச்சு. இன்னிக்குக் காலையில, ஒரு தட்டு போதும்னுட்டார். போய்த் தேடிப் பாருங்களேன் சார்னேன். சொல்லாம போறவங்களைத் தேடக்கூடாதும்மா, அது அவங்களுக்குத் தொந்தரவுன்னார்."

அணைக்கட்டு அலுவலகத்துக்கு எழுதினால் அவருக்குக் கிடைக்குமாம். எழுத எனக்கு முகம் இல்லை. மேலே இரண்டு வரி அழிந்திருக்கும், பொறுத்துக்கொள்.

அக்கா

ஏப்ரல் 12
(எழுதி, உறையில் போட்டு, அனுப்பாமல் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது)

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா என்று கேட்க எனக்குத் தகுதி கிடையாது.

சுவரில் இருக்கும் அட்டைகள் எல்லாம் நீதான். நின்றுபோன கல்யாணம், ஏரி, கண்ணாடி, இரண்டு விரல் தண்ணீர், மஞ்சள் துணி. உன் கடிதம் வந்த அன்றே அட்டையாகிவிடும். உன்னைக் கேட்காமல் எடுத்ததே தப்பு. ஆனால் அதைச் சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

மார்ச் பதினெட்டாம் தேதி தயாரிப்பாளர் சுவரைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தாம்பா இருக்கு. ஆனா கடைசியில பிரிவு எங்க? அவங்க பாட்டுக்குச் சேர்ந்துட்டா எவன் டிக்கெட் வாங்குவான்?" என்றார். உன் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. 'சொல்லாம மட்டும் போயிடாதீங்க.' அதைப் படித்தபோது எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை அக்கா, காட்சி வந்தது. ஐம்பத்து மூன்றாம் அட்டையில் 'அவள் சொல்லாமல் போகிறாள்' என்று எழுதிக் குத்தினேன். அவர் ஊர் ஊராகத் தேடி ஓடுவது ஐம்பத்து நான்கு. எல்லாரும் கை தட்டினார்கள். மறுநாள் அதே கையால் உனக்குப் பதில் எழுதினேன்.

உன்னைக் கெடுக்க நினைத்து எழுதவில்லை. அவர் தேடி வருவார் என்று சத்தியமாக நம்பினேன். நானே குத்திய அட்டையை நானே நம்பிவிட்டேன். உன் வாழ்க்கையையும் அட்டையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத அளவுக்குப் போயிருக்கிறேன்.

நாளைக்கே போய் ஐம்பத்து மூன்றை எடுத்துவிடச் சொல்கிறேன். பிறகு உன் காலில் வந்து விழுகிறேன்.

தம்பி

ஜூன் 17

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். கை நடுக்கம் நின்றுவிட்டது. முதலாளி என்னிடம் மறுபடி லென்ஸ் தருகிறார். ஏப்ரலில் அவ்வளவு பெரிய கடிதம் எழுதினேன், நீ 'வருத்தம், வேலை அதிகம்' என்று இரண்டு வரித் தபால் அட்டை போட்டிருந்தாய். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. வயிறு மோசமாகிவிட்டதா? யாரிடமாவது காட்டினாயா?

ஒருவேளை நீ சொன்ன யோசனையால்தான் இப்படி ஆயிற்று என்று நினைத்துக் குமைகிறாயோ என்று தோன்றியது. அப்படி நினைக்காதே. நீ எனக்கு நல்லதுதான் நினைத்தாய். சின்ன வயதில் என் காய்ச்சலுக்கு நீ தலையணையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து வைத்தவன். உன் யோசனைகள் எப்போதும் அப்படித்தான், மனசு மட்டும் சரியாக இருக்கும்.

என்னால் உன் சாப்பாடு கெடக்கூடாது. எழுது.
அக்கா

ஆகஸ்ட் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். உன் ஜூன் கடிதத்தைப் படித்த அன்று சாப்பிட முடியவில்லை. நீ என்னைத் தேற்றி எழுதியிருந்தாய். அதைவிட நீ என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

இதனுடன் ஒரு பழைய கடிதம் வைத்திருக்கிறேன். ஏப்ரலில் எழுதியது. முதலில் அதைப் படித்துவிட்டு இதற்கு வா.

படித்தாயா? அதில் நாளைக்கே எடுத்துவிடச் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். போனேன். அறைக்குள் எல்லாரும் இருந்தார்கள். இயக்குநர், "ஐம்பத்து மூணுக்கும் ஐம்பத்து நாலுக்கும் நடுவுல ஏதோ குறையுது. அவன் ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மனசைப் பிடிக்கிற மாதிரி ஒண்ணு வேணும்" என்றார். நான் வாயைத் திறந்தேன். எடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் திறந்தேன். "அவன் தினமும் மேசையில ரெண்டு தட்டு வைக்கச் சொல்றான் சார்" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்று நாலு மாதமாகக் கேட்டுக்கொள்கிறேன். பாராட்டு கிடைக்கும் என்று தெரியும், கிடைத்தது. அவ்வளவுதான் பதில். வேறு நல்ல காரணம் எதுவும் கிடையாது.

படம் செப்டம்பர் ஏழாம் தேதி வருகிறது. சுவரொட்டியில் மஞ்சள் துணியோடு ஒருத்தி ஏரியில் நிற்கிறாள். தெருவில் பார்த்து நீ தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று இப்போதாவது தோன்றியது. இதிலும் எனக்குப் பெருமை இல்லை, வேறு வழியில்லாமல்தான் சொல்கிறேன். அளவுக்காரருக்கு நான் எழுதட்டுமா? சொல்லாமல் போனது உன் யோசனை இல்லை, என்னுடையது என்று எழுதுகிறேன். நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

தம்பி

செப்டம்பர் 14

தம்பிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. படம் பார்த்தேன்.

தியேட்டர் நிறைந்திருந்தது. நன்றாக எழுதியிருக்கிறாய், அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். கண்ணாடிக் காட்சியில் நானே என்னை மறந்து சிரித்துவிட்டேன். அவர் தப்பான பஸ்ஸில் ஏறி மூன்று ஊர் சுற்றும்போது ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நான் மாடி ஜன்னலில் உட்கார்ந்து ஆசைப்பட்டதெல்லாம் அப்படியே திரையில் நடக்கிறது.

ஐம்பத்து மூன்றுக்காக உன்னை மன்னித்துவிட முடியும். சொன்னது நீ, போனது நான். அவர் கேட்டுக்கொண்டது என்னிடம். படகில் அவர் முகத்தைப் பார்த்தவள் நான். தெரிந்தேதான் பையை எடுத்தேன். ஒரு தடவையாவது ஒருவர் என்னைத் தேடி ஓடி வரட்டும் என்று எனக்கும் இருந்தது. அந்தக் குற்றத்தை உன் தலையில் போட்டுவிட்டு நான் நல்லவளாக இருக்க முடியாது.

ஆனால் அந்தத் தட்டு, தம்பி. அதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. அவர் போய்விட்டார், நான் அழுதுகொண்டு உனக்கு எழுதினேன். அது உனக்குத் தெரியும். தெரிந்தும் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறாய். அந்தக் காட்சியில் பக்கத்து இருக்கைப் பெண் விம்மி விம்மி அழுதாள். என் கண்ணில் தண்ணீரே இல்லை. என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்திருப்பாள்.

அவருக்கு நீ எழுத வேண்டாம். அவர் கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால் என் வாயால் கேட்டுக்கொள்வார். நான் சொன்னேனா இல்லையா, அதற்கு அவர் என்ன சொன்னார் என்பது உனக்குத் தெரிய வராது. உனக்கு எழுதுவதை நிறுத்தமாட்டேன், நீ என் கூடப் பிறந்தவன். ஆனால் எனக்கு நடப்பது எதையும் இனி உனக்கு எழுதமாட்டேன். நல்லதானாலும் சரி, கெட்டதானாலும் சரி.

அக்கா

நவம்பர் 5

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். வயிற்றைப் பார்த்துக்கொள்.

அக்கா

நவம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வயிறு தேவலை. காலையில் காபி குடிப்பதை விட்டுவிட்டேன்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உறையின் மேல் அணைக்கட்டுத் தபால் நிலையத்தின் முத்திரை இருந்தது. பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தேன், பழக்கம், பார்த்துவிட்டேன். ஒருநாள் போய்விட்டுத் திரும்பினாயா, அங்கேதான் இருக்கிறாயா, உன்னைப் பார்த்ததும் அவர் என்ன சொன்னார், ஒன்றும் தெரியவில்லை. நான் கேட்கவும் போவதில்லை.

படம் நன்றாக ஓடுகிறது. இரண்டாம் பாகம் வேண்டும் என்கிறார்கள். பலகையை எல்லாம் துடைத்து, புது அட்டைக் கட்டு ஒன்றை என் முன்னால் வைத்துவிட்டு, "அப்புறம் அவங்க ரெண்டு பேரும் என்ன ஆனாங்க? சொல்லுப்பா" என்றார் இயக்குநர்.

"எனக்குத் தெரியாது சார்" என்றேன்.

"உனக்கா தெரியாது?" என்று எல்லாரும் சிரித்தார்கள்.

நல்லபடியாக இரு அக்கா. நலம் என்று மட்டும் எழுது, போதும்.

தம்பி